பிள்ளைகளுக்காக எழுதுவோரும் வரைவோரும்

சில ஆண்டுகளுக்கு முன்பு திருவண்ணாமலையில், சபைப் பிள்ளைகளுக்கென ஒரு சிறு கதைநூலை அச்சிட்டு வெளியிடும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. பதினாறு பக்கங்கள், எட்டுப் படங்கள். கதைகளை நாமே எழுதினோம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துவந்த ஓவியர் ஒருவர் படங்களை வரைந்து தந்தார். பேசிய கூலியை அவருக்குக் கொடுத்தோம். நூல் அச்சாகி வந்த அன்று அவருக்கும் ஒரு படியைக் கையில் தந்தோம். அவர் முன்னட்டையைப் பார்த்தார். உள்ளே முதற்பக்கத்தைப் பார்த்தார். பின்னட்டையையும் திருப்பிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எதைத் தேடினார் என்பது அவர் சென்ற பிறகே நமக்கு விளங்கிற்று. எழுதியவர் பெயரும், வெளியிட்டவர் பெயரும், அச்சகத்தின் பெயரும், நன்கொடை அளித்தோர் பெயர்களும் அந்நூலில் இருந்தன. வரைந்தவர் பெயர் இல்லை.

இதை நம் மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் தமிழில் வெளிவந்த பழைய குழந்தை நூல்களை எடுத்துப் பார்க்கும்போது, இம்மறதி நமக்கு மட்டும் உரியதன்று என்பது தெரிகிறது. குழந்தை நூல் ஒன்று எழுதுகிறவர், வரைகிறவர் ஆகிய இருவரின் உழைப்பு. அவ்விருவருள் ஒருவருக்கே சங்கமும் பரிசும் மேடையும் முதலில் கிடைத்தன. மற்றவர் எவ்வாறு பின்னர் வந்து சேர்ந்தார், இருவரும் ஓர் ஐக்கியமாகக் கூடுவதால் அவர்கள் தொழிலுக்கு விளைவது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சங்கம் தோன்றிய விதம்

தமிழில் பிள்ளைகளுக்கான அச்சு முயற்சிகளில் கிறிஸ்தவத் தொண்டர்களுக்குப் பழைய பங்கு உண்டு. 1840இல் நாகர்கோவிலில் தோன்றிய 'பால தீபிகை' தமிழின் முதல் சிறுவர் இதழ்களுள் வைத்து எண்ணப்படுகிறது. அக்காலத்து மிஷன் வெளியீடுகள் பலவற்றில், கடல் கடந்து வந்த படக்கட்டைகளே மீண்டும் மீண்டும் அச்சாயின. வரைந்தவர் யார் என்று கேட்பாரில்லை. நம் கதைநூலில் நேர்ந்த தவறு, பார்க்கப்போனால், மரபுவழி வந்ததே!

குழந்தைகளுக்கு எழுதுவோரின் முறையான அமைப்பு 1950இல் சென்னையில் தோன்றியது. அதுவே குழந்தை எழுத்தாளர் சங்கம். சக்தி காரியாலயத்தை நடத்திய பதிப்பாளர் வை. கோவிந்தன் அதன் முதல் தலைவர். அதற்கு உயிராயிருந்து உழைத்தவர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் 1922இல் பிறந்த வள்ளியப்பா, இந்தியன் வங்கியில் பணிபுரிந்தவர். அவரது 'மலரும் உள்ளம்' 1944இல் வெளிவந்தது. பகலில் வங்கிக் கணக்கும் மாலையில் குழந்தைப் பாட்டுமாக வாழ்ந்த அவரே அக்காலக் குழந்தை எழுத்தாளருக்குச் சரியான மாதிரி எனலாம். ஏனெனில் அவர்களுள் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் நிறைந்திருந்தனர். குழந்தைகளுக்கு எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது எளிதாயில்லை.

அன்று சிறுவர் இதழ்கள் பல இருந்தன. 'அணில்', 'ஜில் ஜில்', 'பூஞ்சோலை', 'கண்ணன்' என்று பிள்ளைகள் கையில் புழங்கிய ஏடுகளுக்குக் கதையும் பாட்டும் தேவைப்பட்டன. எழுதுவோரோ ஊருக்கொருவராகச் சிதறிக் கிடந்தனர். பெரியவர்களுக்கு எழுதத் தெரியாதவரே சிறியவர்களுக்கு எழுதுகிறார் என்னும் எண்ணமும் இலக்கிய உலகில் உலவிற்று. (இன்றும் அது முற்றிலும் மறைந்துவிட்டது என்று நாம் துணிந்து கூறமாட்டோம்.) சங்கம் அவர்களைக் கூட்டியது. குழந்தை நூல்களுக்குக் கண்காட்சி வைத்தது. நல்ல நூல்களுக்குப் பரிசளிக்கச் செய்தது. குழந்தை எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை யார், எவர் என்று தொகுத்து வெளியிட்டது. இந்தத் தொகுப்பு நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தன் பெயர் ஓர் ஏட்டில் பதிவாகியிருக்கிறது என்பதே தனித்து எழுதும் ஒருவருக்குப் பெரிய ஊன்றுகோல்.

ஆனால் அச்சங்கத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். அது எழுத்தாளர் சங்கம்.

இதில் யாரையும் குறைகூற இடமில்லை. ஓவியர்களின் நிலை அன்று வேறாயிருந்தது. கைதேர்ந்த ஓவியர்கள் இதழ் அலுவலகங்களில் மாதச் சம்பளத்தில் இருந்தனர். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் 1952இல் சேர்ந்த கே. சி. சிவசங்கரன், 'சங்கர்' என்னும் பெயரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வரைந்தார். வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனின் உருவம் அவர் தந்ததே. கதையை மறந்தவர்களும் அந்தப் படத்தை மறக்கவில்லை. அவர் 2020இல் காலமானார். பத்மஸ்ரீ விருது 2021இல், மறைவுக்குப் பின்னரே வந்தது. இத்தகைய ஓவியர்களுக்கு இதழே வீடாக இருந்தமையால் சங்கத்தின் தேவை தெரியவில்லை போலும். பிற்காலத்தில் 'அம்புலிமாமா' நின்றுபோயிற்று. வேறு சிறுவர் இதழ்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. இதழைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கு வீடும் போயிற்று, கூடுவதற்கு இடமும் இல்லாமற்போயிற்று.

வேறொரு காரணமும் உண்டு. சோவியத் நாட்டிலிருந்து தமிழில் அச்சாகி வந்த வண்ண நூல்கள், 1991இல் அந்நாடு சிதறும்வரை, மிகக் குறைந்த விலையில் நம் ஊர்களுக்கெல்லாம் வந்தன. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசையும் அத்தகையதே. இவை மலிவாக இருந்ததற்கு அச்சுத்தொழில் சார்ந்த ஒரு நுட்பம் உண்டு. வண்ணப் படத்தை மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு தகடுகளாகப் பிரித்து அச்சிடுவர். எழுத்து கறுப்பில் மட்டும் இருக்குமானால், மொழிக்கு மொழி அந்த ஒரு தகட்டை மாற்றினால் போதும். ஏனைய மூன்றும் எல்லா மொழிக்கும் பொது. ஒரு படம் பல மொழிகளுக்கு உதவியது. பிள்ளைகளுக்கு இதனால் விளைந்த நன்மை மிகப் பெரிது. ஆயினும் நம் ஊர் ஓவியருக்கு அதில் வேலை இல்லை. கதைக்கு மொழிபெயர்ப்பாளர் போதுமானவராயிருந்தார்.

பிற நாடுகளிலும் நிலை பெரிதும் மாறுபட்டதன்று. ஜெல்லா லெப்மன் அம்மையாரின் முயற்சியால் 1953இல் சூரிச் நகரில் சிறுவர் நூல்களுக்கான அனைத்துலகக் கழகம் நிறுவப்பட்டது. அக்கழகம் டேனிஷ் கதையாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயரால் வழங்கும் விருது 1956இல் எழுத்தாளர்களுக்கென்றே தொடங்கிற்று. ஓவியர்களுக்கும் என்றானது 1966இல்தான். (டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தோர் நிறைந்த திருவண்ணாமலையில் ஆண்டர்சன் பெயரை அறியாதவர் பலர் இருப்பது நமக்குச் சிறிது வியப்பே.) அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் என்னும் இரு இளைஞர்கள் 1971இல் தொடங்கிய கழகமும் முதலில் குழந்தை நூல் எழுத்தாளர் கழகமாகவே இருந்தது, 'ஓவியர்' என்ற சொல் பின்னரே அதன் பெயரில் சேர்ந்தது. நம் நாட்டில் 1981இல் தில்லியில் தோன்றிய அமைப்போ, தொடக்கத்திலேயே எழுத்தாளர், ஓவியர் இருவரையும் பெயரில் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் அவ்வாறு நேர்வதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 2021இல் அமைந்த தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் பெயரில் 'கலைஞர்கள்' என்ற சொல் இடம்பெற்றது. சங்கத்தின் பெயரில் ஒரு சொல் கூடுவதற்கு எழுபத்தோர் ஆண்டுகள்.

ஒரே மேசையில் இருவர்

பெயரில் சேர்ப்பது மரியாதைக்காக மட்டுமா? அன்று, தொழிலுக்கே அது தேவையாயிருக்கிறது. இதை விளக்க, படக்கதை நூல் ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

பெரிய தாள் ஒன்றின் இருபுறமும் அச்சிட்டு மடித்து வெட்டும்போது எட்டு அல்லது பதினாறு பக்கங்கள் கிடைக்கின்றன. ஆகவேதான் சிறுவர் நூல்கள் பதினாறு, இருபத்துநான்கு, முப்பத்திரண்டு பக்கங்களாக அமைகின்றன. பதினாறு பக்க நூலில் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் இரண்டு பக்கங்களை ஒதுக்கினால், கதைக்குப் பதினான்கு பக்கங்களே மிஞ்சும். எந்த வாக்கியம் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும், குழந்தை எந்த இடத்தில் ஆவலோடு பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டும். இதற்காகத் தாளை மடித்துத் தைத்து, கையால் கிறுக்கிய மாதிரி நூல் ஒன்றைச் செய்துபார்ப்பது வழக்கம். இதை எழுத்தாளர் தனியே செய்ய இயலாது, ஓவியர் தனியே செய்யவும் இயலாது.

நமது கதைநூலில் நாம் செய்தது வேறு. கதையை முழுவதும் எழுதி முடித்து, அச்சுக் கோக்கக் கொடுத்துவிட்டு, 'இந்த இந்த இடத்தில் படம் வேண்டும்' என்று குறிப்பு எழுதி ஓவியருக்கு அனுப்பினோம். அவற்றுள் ஒரு கதை, கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலைக் கூட்டத்தில் தாயைப் பிரிந்த சிறுமியைப் பற்றியது. கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை நாம் ஆறு வரிகளில் வருணித்திருந்தோம். ஓவியர் வரைந்த படத்தில் முகங்களே இல்லை. சிறுமியின் உயரத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய கால்களும் வேட்டி ஓரங்களும் சேலைக் கொசுவங்களும் மட்டுமே இருந்தன. நம் ஆறு வரிகள் சொல்லாததை அப்படம் சொல்லிற்று. அவ்வரிகளை நீக்கியிருக்க வேண்டும். ஆனால் எழுத்து ஏற்கெனவே கோக்கப்பட்டுவிட்டது. படமும் ஒரு மூலையில் சிறிதாக்கி வைக்கப்பட்டது. முன்கூட்டியே ஒரு மாலை நேரம் இருவரும் அமர்ந்து பேசியிருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் அவருடையதாயிருந்திருக்கும்.

இவ்வாறு அமர்ந்து பேசுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவதே ஐக்கியத்தின் முதல் வேலை. நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. செய்யாற்றை அடுத்த புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடி வருகின்றனர். கண்ணப்ப தம்பிரான் பெயரால் அவ்வூர் உலகறிந்தது. கூத்துக் கற்கிறவன் புத்தகத்தைப் பார்த்துக் கற்பதில்லை. ஜமாவில் சேர்கிறான்; சிறு வேடம் கட்டுகிறான்; மூத்தவர் ஆடுவதைத் திரைக்குப் பின்னிருந்து இரவு முழுவதும் பார்க்கிறான். ஆட்டத்தில் பிழை நேர்ந்தால் மறுநாள் அதற்குத் தப்ப முடியாது. பாடுகிறவர், ஆடுகிறவர், மத்தளக்காரர் எல்லாரும் ஒரே குழு. ஒருவர் மற்றவரின் தாளத்தை அறிந்தே தம் பங்கைச் செய்கின்றனர்.

நம் இலக்கியக் கூட்டங்களில் இது நிகழ்வதில்லை என்பதை வருத்தத்தோடு கூற வேண்டியதாயிருக்கிறது. அங்கே பொன்னாடை போர்த்தப்படுகிறது, கைப்பிரதி திருத்தப்படுவதில்லை. நூல் வெளிவந்த பிறகு பாராட்டுகிறோம், அல்லது பேசாமல் இருந்துவிடுகிறோம். வெளிவருவதற்கு முன் வாசித்து, "இந்த இடம் பிள்ளைக்குப் புரியாது" என்று சொல்லத்தக்க நண்பர் நால்வர் ஓர் எழுத்தாளருக்கு வாய்ப்பாரானால், அது பத்து விருதுக்குச் சமம். அவர்களைவிட நல்ல திறனாய்வாளர்கள் பிள்ளைகளே. நாற்பது பிள்ளைகளுக்கு முன் கதையை உரக்க வாசித்துப் பாருங்கள். எந்த வரியில் அவர்கள் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குகிறார்களோ அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் பட்டறைகளில் பிள்ளைகள் உடனிருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

திருவண்ணாமலைச் சூழல்

இத்தகைய கூட்டுறவுக்கு இந்த ஊரில் நிலம் பண்பட்டிருக்கிறது. 1975இல் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இங்கு வேரூன்றி, விடிய விடியக் கலை இலக்கிய இரவுகளை நடத்திற்று. பாட்டும் கூத்தும் கதையும் ஓவியமும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. அச்சங்கமும் பிற்காலத்தில் தன் பெயரில் 'கலைஞர்கள்' என்பதைச் சேர்த்துக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. பவா செல்லதுரை, கே. வி. ஷைலஜா ஆகியோர் இவ்வூரில் வளர்த்த வம்சி பதிப்பகம், நல்ல தாளில் நல்ல அச்சில் நூல் வெளியிடச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்னும் எண்ணத்தைப் போக்கிற்று.

சிறுவர் இலக்கியத்திலும் இவ்வட்டாரம் பின்தங்கியிருக்கவில்லை. வந்தவாசியில் வாழும் மு. முருகேஷ் எழுதிய 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' 2021ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்காரத்தைப் பெற்றது. சாகித்திய அகாதெமி இவ்விருதை 2010 முதல் வழங்கி வருகிறது. செங்கத்தைக் கடந்து ஊத்தங்கரை நோக்கிச் செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் சிங்காரப்பேட்டை இருக்கிறது. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் திருவண்ணாமலைக்கு அயலூர்தான். அதையடுத்த புளியானூரில் அமைந்த குக்கூ காட்டுப்பள்ளி நண்பர்கள் 'தும்பி' என்னும் சிறார் இதழை வெளியிட்டனர். முழு வண்ணத்தில், படத்துக்கு எழுத்தைவிட மிகுதியான இடம் தந்து அதை அமைத்தனர். இதழைப் புரட்டினால் வரைகிறவரைக் கூலியாளாக எண்ணாத ஒரு கூட்டம் அதைச் செய்தது என்பது பார்வைக்கே புலனாகும்.

ஜவ்வாது மலையில் வாழும் மலைவாழ் மக்களிடையே பாட்டிகள் சொல்லும் கதைகள் எத்தனையோ. இவற்றைக் கேட்டு எழுதவும், அம்மலையின் மரத்தையும் வீட்டையும் கண்டு வரையவும் இவ்வூரார் இருவர் சேர்ந்து புறப்பட்டாலே பல நூல்கள் உருவாகும். சென்னையிலுள்ள தாரா பதிப்பகம், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களைக் கொண்டு மரங்களைப் பற்றிய நூல் ஒன்றை 2006இல் வெளியிட்டு, அவ்வோவியர்களையே நூலாசிரியர்களாக அட்டையில் குறித்தது. அந்நூல் இத்தாலியின் பொலோனியா சிறுவர் நூற்காட்சியில் பரிசு பெற்றது.

தேவையும் பெருகியுள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2022இல் மாணவர்க்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் இதழ்களைத் தொடங்கிற்று. 2023இல் வாசிப்பு இயக்கத்தின் வாயிலாக 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிநிலைகளில் சிறு கதைநூல்களை அரசுப் பள்ளிகளுக்கு அளித்தது. 'நுழை' நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிகளே இருக்கும். எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளை படத்தைப் பிடித்துக்கொண்டே வாக்கியத்துக்குள் நுழைகிறது. அங்கே படம் பிழையானால் வாசிப்பே தவறிவிடும். ஆதலால் இவ்வேலைக்குப் பயிற்சியுள்ள ஓவியர்கள் ஒருவர் இருவரல்லர், பலர் தேவை.

ஊதியமும் உரிமையும்

இனி, நாம் கூச்சப்பட்டுப் பேசாமல் விடும் பணத்தைப் பற்றி. அறுபது ரூபாய் விலையுள்ள நூல் ஆயிரம் படிகள் விற்கிறது என்று கொள்வோம். பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்றால் ஆறாயிரம் ரூபாய். எழுதியவரும் வரைந்தவரும் அதைச் சரிபாதியாகப் பங்கிட்டால் ஆளுக்கு மூவாயிரம். எட்டுப் படங்களுக்கு ஒரு மாதம் உழைத்த ஓவியருக்கு இது எம்மாத்திரம்? அவர் பலகை எழுதப் போவதில் வியப்பில்லை. ஆகவே ஓவியருக்கு முதலிலேயே ஒரு தொகையும், மறுபதிப்புத்தோறும் பங்கும் என்று பேசுவதே நேர்மையான ஏற்பாடாக நமக்குத் தோன்றுகிறது. இதைத் தனி ஓவியர் ஒருவர் பதிப்பாளரிடம் கேட்பது கடினம். ஓர் ஐக்கியம் பொதுவான ஒப்பந்தப் படிவம் ஒன்றை வகுத்து வைத்திருந்தால் கேட்பது எளிது.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கதை இலக்கியப் படைப்பு, படம் கலைப் படைப்பு; இரண்டும் வெவ்வேறு உரிமைகள். படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். ஆனால் ஓவியர்கள் அறியாத ஒரு கண்ணி இதில் உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் பெற்றுக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. வாய்ப்பேச்சோடு நிற்கும் ஓவியர் தம் படத்தை இழந்துவிடக்கூடும். உரிமையை மாற்றித் தருவதானால் அது எழுத்தில் கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்றும், கால அளவு குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும் என்றும் 19ஆம் பிரிவு சொல்கிறது. எல்லா உரிமைகளையும் விற்றுவிட்ட பிறகும் ஒன்று படைத்தவரிடமே நிற்கிறது. இப்படைப்பு என்னுடையது என்று உரிமை கொண்டாடும் உரிமை அது. 57ஆம் பிரிவு அதைக் காக்கிறது. கூலி கொடுத்துவிட்டோம் என்று நாம் அந்த ஓவியரிடம் சொல்லியிருந்தாலும், பெயரை விட்டதற்கு அது பதிலாகாது.

நம் கதைநூலுக்கு இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டபோது அவரைத் தேடிச் சென்றோம். ஊரெங்கும் கடைப்பலகைகள் ஃபிளெக்ஸ் தாளில் இயந்திரத்தால் அச்சாகத் தொடங்கியிருந்தன. அவர் தூரிகையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசப் போய்க்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பெயரை எவ்வாறு அச்சிட வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு தாளை வாங்கித் தாமே தூரிகையால் எழுதித் தந்தார். பிறகு பழைய படியைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பதாம் பக்கத்து மாட்டின் பின்னங்கால் சரியாக அமையவில்லையென்றும், அதை மாற்றி வரைந்து தரலாமா என்றும் கேட்டார். இரண்டு நாளில் தந்தார். தீபக் கூட்டத்துப் படத்தை முழுப் பக்கமாக்கி, நம் ஆறு வரிகளை எடுத்துவிட்டோம்.